பிறப்பு குறைந்த பின்னும் மக்கள்தொகை ஏன் கூடுகிறது?

2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டதாக ஐ.நா. அறிவித்தது. இரண்டே மாதம் கழித்து, 2023 ஜனவரியில், தன் மக்கள்தொகை ஓர் ஆண்டில் எட்டரை லட்சம் குறைந்துவிட்டதாகச் சீனா சொன்னது. முதல் செய்தியைப் படித்தால் பூமி தாங்குமா என்று தோன்றும். இரண்டாவதைப் படித்தால் வேலை செய்ய ஆள் இருக்குமா என்று தோன்றும். அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். கூடுகிறதா, குறைகிறதா?

இரண்டுமே சரி. ஏழை நாடு ஒன்று வளர்ந்து வசதியான நாடாகும்போது அதன் மக்கள்தொகை முதலில் மெதுவாகவும் பிறகு மிக வேகமாகவும் கூடுகிறது. அப்புறம் வேகம் தணிந்து, கடைசியில் குறையவும் தொடங்குகிறது. இந்த முழு ஓட்டத்துக்குத்தான் மக்கள்தொகை மாற்றம் என்று பெயர். உலக நாடுகள் எல்லாம் இந்தப் பாதையில் ஆளுக்கொரு இடத்தில் நிற்கின்றன. அதனால்தான் ஒரே காலத்தில் இரண்டு விதமான செய்தி வருகிறது.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் ஒன்றுதான்: இறப்பு முதலில் குறைகிறது, பிறப்பு தாமதமாகக் குறைகிறது. நடுவில் எத்தனை ஆண்டு என்பதுதான் ஒரு நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு பெருகும், எவ்வளவு விரைவாக முதுமை அடையும் என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்கிறது. பொருளாதாரம் இந்த இடைவெளியை நீட்டவும் செய்யும், சுருக்கவும் செய்யும்.

முதலில் நான்கு சொற்கள்

1. பிறப்பு விகிதம், இறப்பு விகிதம். ஆயிரம் பேருக்கு ஆண்டில் எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்ற கணக்கு. பிறப்பு 35, இறப்பு 15 என்றால் மிச்சம் 20. ஆண்டுக்கு 2 சதவீத வளர்ச்சி.

2. மொத்தக் கருவள விகிதம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை குழந்தை என்பது. கறாராகச் சொன்னால், இந்த ஆண்டில் 20 வயதுக்காரர்கள், 25 வயதுக்காரர்கள், 30 வயதுக்காரர்கள் எந்த அளவில் பெற்றுக்கொள்கிறார்களோ, அதே அளவில் ஒரு பெண் 15 வயதிலிருந்து 49 வயதுவரை பெற்றுக்கொண்டே போனால் எத்தனை ஆகும் என்ற கற்பனைக் கணக்கு. யாரோ ஒரு பெண்ணின் உண்மையான வாழ்க்கை அதில் இல்லை.

3. ஈடுசெய் அளவு. ஒரு தலைமுறை தன் இடத்தை நிரப்பத் தேவையான கருவளம். இதை 2.1 என்பார்கள். அப்பா அம்மா இரண்டு பேருக்கு இரண்டு போதாதா என்று கேட்கலாம். 100 பெண் குழந்தைகள் பிறக்கும் இடத்தில் ஏறத்தாழ 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே ஒரு பெண் குழந்தைக்குச் சராசரியாக 2.05 பிறப்பு வேண்டும். தாயாகும் வயதுக்கு முன்பே இறந்துவிடும் சிலருக்காக இன்னும் கொஞ்சம் கூட்டினால் 2.1. குழந்தைகளில் பாதி வளர்வதற்குள் இறந்துபோகும் சமூகத்தில் இதே அளவு 4-க்கு மேல் போய்விடும். எனவே 2.1 என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிற மந்திர எண் ஒன்றும் இல்லை.

4. இடப்பெயர்வு. உள்ளே வருகிறவர்கள், வெளியே போகிறவர்கள். பல விளக்கங்களில் இதை விட்டுவிடுவார்கள். விடக்கூடாது, பின்னால் வருவோம்.

இதில் முதல் சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. ஜப்பானில் 2023-இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 13 பேர் இறந்தார்கள். வங்கதேசத்தில் அது ஏறத்தாழ 6. அப்படியானால் வங்கதேசத்தில்தான் ஆரோக்கியம் அதிகமா? ஜப்பானியரின் சராசரி ஆயுள் 84 ஆண்டு. வங்கதேசத்தில் அதைவிடப் பத்து ஆண்டு குறைவு. ஜப்பானில் பத்தில் மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள், அதனால் இறப்பு அதிகம். வங்கதேசத்தில் இளையவர்கள் அதிகம், அதனால் இறப்பு குறைவு. நாட்டில் எந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்பதைப் பார்க்காமல் இந்த விகிதங்களை ஒப்பிட்டால் தலைகீழான முடிவுதான் கிடைக்கும்.

ஸ்வீடன் வைத்திருக்கும் கணக்கு

பழைய காலத்தில் என்ன நடந்தது என்று ஊகிக்க வேண்டாத நாடு ஸ்வீடன். 1749-இலிருந்தே ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் பிறப்பையும் இறப்பையும் எழுதி, மேலே அனுப்பி, நாடு முழுவதற்கும் கூட்டி வைத்திருக்கிறார்கள். உலகில் இவ்வளவு நீளமான தொடர் கணக்கு வேறு இல்லை என்றே சொல்லலாம்.

18-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறப்பு ஆயிரத்துக்கு 33-ஐ ஒட்டி, இறப்பு 27-ஐ ஒட்டி. மேலோட்டமாகப் பார்த்தால் மெதுவான வளர்ச்சி. ஆனால் இறப்புக் கோடு ஒரு சீராகப் போகவில்லை. விளைச்சல் பொய்த்ததன் தொடர்ச்சியாக 1773-இல் பஞ்சமும் நோயும் சேர்ந்து வந்தபோது இறப்பு ஆயிரத்துக்கு 50-ஐத் தாண்டியது. பல ஆண்டுகள் சேர்த்த வளர்ச்சியை ஒரே ஆண்டு தின்றுவிட்டது. மாற்றத்துக்கு முந்தைய முதல் கட்டம் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான். பிறப்பும் அதிகம், இறப்பும் அதிகம், அந்த இறப்பும் எப்போது எகிறும் என்று யாருக்கும் தெரியாது. பல சமூகங்களில் பிறந்த பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கு குழந்தைகள் ஐந்து வயதை எட்டவில்லை. ஆறு பெற்றால் மூன்று தங்கும். சில வீடுகளில் ஒன்றும் தங்காது.

1810-களிலிருந்து ஸ்வீடனில் இறப்பு சரியத் தொடங்கியது. ஏன் என்று கேட்டால் அந்நாட்டில் மூன்று சொல்லில் ஒரு பழைய பதில் உண்டு: அமைதி, அம்மைத் தடுப்பு, உருளைக்கிழங்கு. போர்கள் நின்றன. பெரியம்மைக்குத் தடுப்பு குத்துவதை 1816-இல் கட்டாயமாக்கினார்கள். ஏழைகளுக்கு மலிவாக வயிறு நிரப்ப ஒரு பயிர் கிடைத்தது. பிறகு நல்ல தண்ணீரும் கழிவுநீர்க் கால்வாயும் வந்தன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பரவலானது 1940-களில்தான். சரிவின் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருந்தது. மருத்துவமனையைவிடச் சோறும் தண்ணீரும்தான் முதலில் ஆயுளைக் கூட்டின.

பிறப்பு என்ன ஆனது? அது பாட்டுக்கு அதே உயரத்தில் இருந்தது. தெளிவாகக் குறையத் தொடங்கியது 1870-களுக்குப் பிறகுதான். ஏறத்தாழ 60, 70 ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மக்கள்தொகை கிடுகிடுவென்று ஏறியது. 1750-இல் 18 லட்சத்தைச் சற்றுத் தொடாமல் இருந்த நாடு 1850-இல் ஏறத்தாழ 35 லட்சம், 1900-இல் 51 லட்சம். இத்தனைக்கும் நடுவில் பல லட்சம் பேர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். ஐரோப்பாவின் மக்கள்தொகை வெடிப்புக்கு அப்படி ஒரு வடிகால் இருந்தது. பின்னால் வந்த நாடுகளுக்கு அது கிடைக்கவில்லை.

இறப்பு ஏன் முந்திக்கொள்கிறது?

யாரும் சாக விரும்புவதில்லை. தடுப்பூசி வந்தால் போட்டுக்கொள்கிறார்கள், நல்ல தண்ணீர் வந்தால் குடிக்கிறார்கள். இதற்குக் குடும்பத்தில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டியதில்லை. பல சமயம் கொசு பெருகும் ஒரு சதுப்பு நிலத்தை வடித்தாலே போதும். அந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாமலே இறப்பு குறைந்துவிடும்.

பிறப்பு அப்படியில்லை. எந்த வயதில் திருமணம், எத்தனை பிள்ளை, ஆண் பிள்ளை வேண்டுமா, மாமியார் என்ன சொல்வார், மதம் என்ன சொல்கிறது, வயதான காலத்தில் யார் பார்ப்பது என்று பல முடிச்சுகள். ஆறு பெற்றால்தான் மூன்று தங்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள், இப்போது ஆறும் தங்குகிறது என்பதை நம்பவே ஒரு தலைமுறை பிடிக்கும்.

பின்னால் வந்தவர்களுக்கு எல்லாமே வேகம்

ஸ்வீடன் நூறாண்டில் கண்ட இறப்புச் சரிவை 20-ஆம் நூற்றாண்டில் சில நாடுகள் இருபது ஆண்டில் கண்டன. பலரும் காட்டும் எடுத்துக்காட்டு இலங்கை. 1946-இல் ஆயிரத்துக்கு 20-ஆக இருந்த இறப்பு அடுத்த ஆண்டே 14-ஆக இறங்கியது. கொசுவை ஒழிக்க டி.டி.டி. தெளித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தியது ஒரு பெரிய காரணம். அது மட்டும்தானா, கிராமங்களுக்கு வந்த சுகாதார நிலையங்களும் உணவு வழங்கலும் எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. எதுவானாலும் ஒரே ஆண்டில் ஆறு புள்ளி இறங்குவது பழைய ஐரோப்பா கனவிலும் காணாதது.

ஐரோப்பாவில் இறப்புக் குறைவு அதன் விளைச்சலோடும் வருமானத்தோடும் கூடவே மெதுவாக வளர்ந்தது. பின்னால் வந்த நாடுகளுக்கோ தடுப்பூசி, பூச்சிமருந்து, பென்சிலின் எல்லாம் வெளியிலிருந்து தயாராக வந்தன. பொருளாதாரம் வளருமுன்பே இறப்பு இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம், தொழிற்சாலை, பெண்களுக்கு வேலை என்று பிறப்பைக் குறைக்கும் சங்கதிகள் அதே கப்பலில் வரவில்லை. இடைவெளி ஆண்டுகளில் குறுகினாலும் ஆழத்தில் பெரிதானது.

எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஓர் எளிய கணக்கு போதும். 70-ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று கிடைக்கும். ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால் 70 ஆண்டு. 3 சதவீதம் என்றால் 23 ஆண்டு. ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டியே வளர்ந்தன. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பல ஏழை நாடுகள் 3-ஐத் தொட்டன. பள்ளி, மருத்துவமனை, வீடு, வேலை எல்லாவற்றையும் 23 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கினால்தான் இருந்த இடத்திலேயே இருக்கலாம். 1960-களில் உலகம் முழுக்க மக்கள்தொகை பற்றி அவ்வளவு அச்சம் கிளம்பியது இதனால்தான். உலக வளர்ச்சி வீதம் அந்தப் பத்தாண்டில் 2 சதவீதத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. இன்று 1 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது.

பிறப்பைக் குறைப்பது எது?

'வருமானம் கூடினால் பிள்ளைகள் குறையும்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். பொத்தாம்பொதுவாகப் பார்த்தால் சரிதான். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வருமானம் நேரடியாகச் செய்வது கொஞ்சம்தான். அதன் கூட வருகிறவைதான் வேலை செய்கின்றன.

1. குழந்தைகள் பிழைப்பது. 1990-இல் உலகில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 93 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள், 2022-இல் 37. இழப்பை எதிர்பார்த்துக் கூடுதலாகப் பெறும் தேவை போய்விடுகிறது.

2. பிள்ளையின் பொருளாதாரம் புரள்வது. எனக்கு இதுதான் எல்லாக் காரணங்களிலும் கனமானதாகத் தெரிகிறது. உழவுக் குடும்பத்தில் ஏழு வயதுப் பிள்ளை ஆடு மேய்க்கும், தண்ணீர் சுமக்கும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு வயதில் வயலில் முக்கால் ஆள். வயதான காலத்தில் அதுவே ஓய்வூதியம். அங்கே செல்வம் பிள்ளையிடமிருந்து பெற்றோரை நோக்கிப் பாய்கிறது. ஐந்தாவது பிள்ளையும் லாபம்தான். கட்டாயப் பள்ளி வந்ததும் அதே ஏழு வயதுப் பிள்ளை புத்தகம், சீருடை, மணிக்கணக்கில் படிப்பு என்று செலவாகிறது. படித்து முடித்து நகரத்துக்குப் போய்விடுகிறது. இப்போது செல்வம் பெற்றோரிடமிருந்து பிள்ளையை நோக்கிப் பாய்கிறது. ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் 1970-களில் இந்தத் திசைமாற்றத்தைத்தான் கருவளச் சரிவின் அச்சாணி என்றார். நாலு பிள்ளைக்கு அரைகுறையாகச் செய்வதைவிட இரண்டு பிள்ளைக்கு முழுதாகச் செய்வோம் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

3. பெண் படிப்பும் சம்பாத்தியமும். பள்ளியில் இருக்கும் பெண்ணுக்குத் திருமணம் தள்ளிப்போகிறது. சம்பாதிக்கும் பெண் வீட்டில் இருந்தால் குடும்பம் இழப்பது ஒரு சம்பளம். அதைவிட முக்கியம், எத்தனை பிள்ளை என்ற பேச்சில் அவள் சொல்லும் எடுபடத் தொடங்குகிறது.

4. கருத்தடை கைக்கு எட்டுவது. விருப்பம் இருந்தும் வழி இல்லாதவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். வங்கதேசத்தின் மத்லப் வட்டாரத்தில் 1977-இல் ஒரு சோதனை நடந்தது. ஏறத்தாழ பாதிக் கிராமங்களில் உள்ளூர்ப் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாசலில் உட்கார்ந்து பேசி, மாத்திரையோ ஊசியோ வேண்டியதைக் கையிலேயே கொடுத்தார்கள். மற்றக் கிராமங்களில் வழக்கமான அரசு சேவை மட்டும். வீட்டுக்கு ஆள் போன கிராமங்களில் பிறப்பு விரைவாகக் குறைந்தது. வறுமையும் படிப்பும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

வருமானம்தான் திறவுகோல் என்றால் விளக்க முடியாத நாடுகள் வரிசையாக நிற்கின்றன. பிரான்ஸில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கருவளம் குறையத் தொடங்கியது. தொழிற்புரட்சியில் முன்னே போன இங்கிலாந்தில் அது ஏறத்தாழ நூறாண்டு கழித்துத்தான். வங்கதேசத்தில் 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 7 பிள்ளைகள். நாடு ஏழையாக இருக்கும்போதே 2010-களில் 2.3-க்கு வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் ஓமான்: 1970-களில் எண்ணெய்ப் பணம் கொட்டிய பிறகும் 1980-களின் தொடக்கத்தில் கருவளம் 8-ஐ ஒட்டி இருந்தது. பணம் வந்துவிட்டது, பெண்களின் பள்ளிப் படிப்பு இன்னும் வந்து சேரவில்லை. ஈரானில் 1980-களின் நடுவில் 6-ஐத் தாண்டியிருந்த கருவளம், மதத் தலைவர்களின் ஆட்சியிலேயே, இருபது ஆண்டுக்குள் 2-க்கு இறங்கியது. கிராமச் சுகாதார இல்லங்களும் பெண் கல்வியும் 1989-இல் மீண்டும் தொடங்கிய குடும்பநலத் திட்டமும் சேர்ந்த விளைவு அது.

அரசு கட்டளையிட்டால் என்ன ஆகும்? சீனாவின் ஒரு குழந்தைக் கொள்கை 1979-80-இல் வந்தது. ஆனால் 1970-இல் 6-ஐ நெருங்கியிருந்த கருவளம் அதற்கு முன்பே 3-க்குக் கீழே இறங்கிவிட்டது. தாமதமாகத் திருமணம், பிள்ளைகளுக்கு நடுவில் இடைவெளி, குறைந்த எண்ணிக்கை என்று 1970-களில் நடந்த பிரசாரம், அதிலும் கெடுபிடி இல்லாமல் இல்லை, பெரும்பகுதியைச் செய்து முடித்திருந்தது. எதிர்த்திசையில் ருமேனியா 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. ஒரே ஆண்டில் கருவளம் 1.9-இலிருந்து 3.7-க்குத் தாவியது, மக்கள் வேறு வழிகளைக் கண்டுபிடித்ததும் மீண்டும் இறங்கியது. சட்டவிரோதக் கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் உயிரிழந்தார்கள்.

உந்தம்: நின்ற பிறகும் நகரும் வண்டி

இப்போது தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருவோம். ஒரு கற்பனை நாடு. மொத்தம் 1 கோடி பேர். அதில் 30 வயதுக்குக் கீழே 60 லட்சம், 30 முதல் 60 வரை 30 லட்சம், 60-க்கு மேல் 10 லட்சம். பல தலைமுறையாக நிறையப் பிள்ளை பெற்ற நாடு என்பதால் இளையவர்கள் இருக்கும் அடித்தட்டு பெருத்திருக்கிறது. கணக்கு எளிதாக இருக்க, இனி எல்லாரும் 90 வயதுவரை இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று காலையிலிருந்து எல்லாரும் சரியாகத் தங்களை ஈடுசெய்யும் அளவுக்கு மட்டுமே பெறுகிறார்கள். இனி மக்கள்தொகை நின்றுவிடுமா?

1. முப்பது ஆண்டு கழித்து: இளைய 60 லட்சம் பேர் 60 லட்சம் பிள்ளைகளைப் பெற்று, தாங்கள் நடு வயதுக்குப் போய்விட்டார்கள். பழைய நடு வயதினர் 30 லட்சம் மூத்தவர்கள் ஆனார்கள். பழைய 10 லட்சம் பேர் போய்விட்டார்கள். 60 + 60 + 30 = 150 லட்சம்.

2. அறுபது ஆண்டு கழித்து: 60 + 60 + 60 = 180 லட்சம்.

ஒருவர்கூடக் கூடுதலாகப் பெறவில்லை. நாடு 1 கோடியிலிருந்து 1.8 கோடி ஆகிவிட்டது. ஏற்கெனவே பிறந்துவிட்ட இளையவர்கள் ஒவ்வொரு படியாக ஏறிப்போய் மேலே இருந்த காலியிடத்தை நிரப்பியதால் வந்த ஏற்றம் இது. மக்கள்தொகை உந்தம் என்பது இதுதான். உலகில் ஆண்டுக்குப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2010-களின் தொடக்கத்திலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் உலக மக்கள்தொகை 2080-களின் நடுவில்தான், ஏறத்தாழ 1,030 கோடியில், உச்சம் தொடும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு.

உந்தம் கற்பனை நாட்டுச் சங்கதி மட்டும் இல்லை. ஜப்பானின் கருவளம் ஈடுசெய் அளவுக்குக் கீழே போய் அங்கேயே தங்கியது 1974-இல். மக்கள்தொகை உச்சம் தொட்டுக் குறையத் தொடங்கியது 2008-க்குப் பிறகு. தென்கொரியா கீழே போனது 1983-இல். பிறப்பை இறப்பு முந்தியது 2020-இல். சீனா கீழே போனது 1990-களின் தொடக்கத்தில், குறைந்தது 2022-இல். மூன்றிலும் முப்பது ஆண்டுக்கு மேல், அல்லது அதை ஒட்டி. 2023 ஜனவரிச் செய்தி உண்மையில் 1990-களின் செய்தி. அவ்வளவு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

நடுவில் திறக்கும் ஒரு சன்னல்

பிறப்பு குறைந்து, முதியவர்கள் இன்னும் பெருகாத இருபது முப்பது ஆண்டுகள் ஒரு நாட்டுக்கு ஒருமுறைதான் கிடைக்கும். சோறு போட வேண்டிய குழந்தைகள் குறைவு, தாங்க வேண்டிய முதியவர்களும் குறைவு, வேலை செய்யும் வயதில் ஏராளமானோர். இதை மக்கள்தொகை ஈவு என்கிறார்கள். பெயர் கொஞ்சம் ஏமாற்றும். பங்கு வாங்கியவருக்குத் தானாக வரும் ஈவு போல இது வராது. தென்கொரியாவில் 1960-களில் மக்கள்தொகையில் பாதியைச் சற்றுத் தாண்டியவர்கள்தான் வேலை செய்யும் வயதில் இருந்தார்கள். 2010-களில் அது 70 சதவீதத்துக்கு மேல். அந்த ஆட்களுக்குப் பள்ளியும் ஏற்றுமதித் தொழிற்சாலையும் காத்திருந்தன. பொருளாதார அறிஞர்கள் டேவிட் புளூமும் ஜெஃப்ரி வில்லியம்சனும் 1998-இல் போட்ட கணக்குப்படி கிழக்காசியாவின் அதிவேக வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வயது அமைப்பால் வந்தது. அதே வயது அமைப்பு இருந்து வேலை இல்லாமல் போன நாடுகளில் இளைஞர் கூட்டம் கடல் கடந்தது, அல்லது தெருவுக்கு வந்தது.

தரை எங்கே இருக்கிறது?

பழைய பாடநூல்களில் கடைசிக் கட்டம் அழகாக இருக்கும்: பிறப்பும் குறைவு, இறப்பும் குறைவு, இரண்டும் சமம், மக்கள்தொகை நிலையாக நிற்கும். கருவளம் 2-இல் வந்து நின்றுவிடும் என்று அவர்கள் நம்பியதற்குக் காரணம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை, நம்பினார்கள், அவ்வளவுதான். தென்கொரியாவில் 2023-இல் அது 0.72. சிங்கப்பூரில் 0.97. ஜப்பானில் 1.2.

மேலே பார்த்த கற்பனை நாட்டையே எடுத்துக்கொள்வோம். 60, 60, 60 என்று நின்ற பிறகு தம்பதிக்கு ஒரே குழந்தை என்று ஆகிவிட்டால்:

1. முதல் முப்பது ஆண்டில் 30 + 60 + 60 = 150 லட்சம். பெரிதாக ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடங்கள் மட்டும் காலியாகும்.

2. அடுத்த முப்பதில் 15 + 30 + 60 = 105 லட்சம். நடு வயதினர் 30 லட்சம் பேர் தங்களைப் போல் இரண்டு மடங்கு முதியவர்களைத் தாங்க வேண்டும்.

3. அதற்கடுத்து 7.5 + 15 + 30 = 52.5 லட்சம்.

ஏறும்போது உதவிய அதே உந்தம் இறங்கும்போது கீழே இழுக்கிறது. இளையவர்கள் கட்டும் பணத்தில் முதியவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கும் முறை முதல் கட்டத்தில் தாக்குப்பிடிக்கும், இரண்டாவதில் அப்படியே நிற்காது. ஓய்வு வயதைக் கூட்ட வேண்டும், அல்லது கட்டும் தொகையைக் கூட்ட வேண்டும், அல்லது கொடுப்பதைக் குறைக்க வேண்டும். வேறு கணக்கு கிடையாது.

ஏன் 2-க்குக் கீழே போகிறது? பிறப்பைக் குறைத்த அதே காரணங்கள் நிற்க மறுக்கின்றன. பிள்ளைக்கான செலவு ஏறிக்கொண்டே போகிறது. கிழக்காசியாவில் தனிப்பயிற்சிப் போட்டி அதை எங்கோ கொண்டுபோய்விட்டது. வீட்டு விலை திருமணத்தைத் தள்ளுகிறது. பெண்கள் வெளியே முழு நேரம் உழைக்கத் தொடங்கியும் வீட்டு வேலை அவர்கள் தலையிலேயே இருக்கும் சமூகங்களில் சரிவு கடுமையாக இருக்கிறது. இதில் ஒரு பகுதி கணக்கின் மாயமும்கூட. 25 வயதில் பெற வேண்டியதைப் பெண்கள் 32-க்குத் தள்ளும் காலத்தில், அவர்கள் கடைசியில் இரண்டு பெற்றாலும், அந்த ஆண்டுகளின் கருவள விகிதம் பள்ளத்தைக் காட்டும். ஆனால் 0.72-ஐ அந்த மாயம் மட்டும் விளக்காது.

அரசுகள் இந்தச் சரிவைத் திருப்ப முயன்று பார்த்தன. 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்று 1972-இல் சொன்ன சிங்கப்பூர், 1987-இல் 'முடிந்தால் மூன்றோ அதற்கு மேலோ' என்று மாற்றிச் சொன்னது. கருவளம் திரும்பவில்லை. நல்ல குழந்தைக் காப்பகமும் நீண்ட பேறுகால விடுப்பும் இருந்தால் போதும் என்று ஸ்வீடன், பின்லாந்து போன்ற வட ஐரோப்பிய (நார்டிக்) நாடுகளைக் காட்டினார்கள். 2010-இல் அது நல்ல வாதம். ஆனால் எல்லா வசதியும் இருக்கும் பின்லாந்திலும் அந்த ஆண்டு 1.87-ஆக இருந்தது 2023-இல் 1.26-க்கு இறங்கிவிட்டது. காப்பகத்தால் பயன் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அது மட்டும் போதாது என்றுதான் தெரிகிறது.

இங்கேதான் இடப்பெயர்வு வருகிறது. ஜெர்மனியில் 1972-இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பிறப்பைவிட இறப்பு அதிகம். அந்தக் கணக்கின்படி நாடு சுருங்கிக்கொண்டே போயிருக்க வேண்டும். அப்போது கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஏறத்தாழ 7.9 கோடி, இன்று 8.3 கோடிக்கு மேல். வித்தியாசம் முழுக்க வெளியிலிருந்து வந்தவர்கள். ஜப்பான் நெடுங்காலம் கதவைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தது, அதனால் அங்கே இயற்கைக் கணக்கு அப்படியே வெளியே தெரிகிறது. ஒரே வகைக் கருவளம் உள்ள இரண்டு நாடுகள் இப்படி எதிரெதிர்த் திசையில் போக முடியும்.

இன்னும் நடுவழியில் இருப்பவர்கள்

இனி வரும் உலக வளர்ச்சியின் பெரும்பகுதி சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில்தான். நைஜரில் கருவளம் இன்னும் 6-ஐ ஒட்டி. மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் 15 வயதைத் தாண்டாதவர்கள். அங்கே நாளையே எல்லாரும் இரண்டோடு நிறுத்தினாலும் என்ன ஆகும் என்பதை மேலே உள்ள 60, 30, 10 கணக்கில் பார்த்துவிட்டோம்.

ஆனால் ஆப்பிரிக்கா மாறவே மாறாது என்ற பேச்சுக்கு கென்யா பதில் வைத்திருக்கிறது. 1970-களின் கடைசியில் அங்கே ஒரு பெண்ணுக்கு 8 பிள்ளைகள். உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்று. 1980-களிலும் 90-களிலும் கருவளம் இறங்கியது. பிறகு நின்றது: 1998 ஆய்வில் 4.7, 2003 ஆய்வில் 4.9. அந்த ஆண்டுகளில் பொருளாதாரம் தேங்கியது, எய்ட்ஸ் பரவியது, குடும்பநலத் திட்டங்களுக்கு வந்த பணமும் கவனமும் வேறு பக்கம் போயின. சரிவு முடிந்துவிட்டது என்று சிலர் எழுதவும் செய்தார்கள். 2003 தொடக்கத்தில் அரசு தொடக்கப் பள்ளிகளில் கட்டணத்தை நீக்கியிருந்தது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. அன்று முதல் வகுப்பில் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமிக்கு 2022-இல் 25 வயது. அந்த ஆண்டு எடுத்த ஆய்வில் கென்யாவின் கருவளம் 3.4.